சரவெடி பாடிய ஒத்தைக்கண்ணுப் பாட்டு

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்றுதானே கதை தொடங்கும்? இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. புலி கிடையாது. கரடி ஒன்று இருந்தது, அதுவும் தேன் சரியாகக் கிடைக்கவில்லை என்று பக்கத்துக் காட்டுக்குக் குடிபோய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு காட்டுப்பூனை. சிறு பறவைகளுக்குச் சிங்கமும் புலியும் வந்து என்ன ஆகப்போகிறது? அந்த ஒரு பூனையே போதும்.

அந்தக் காட்டில் சாயங்காலமானால் எல்லோரும் குட்டைக்கரையில் கூடிவிடுவார்கள். தண்ணீர் குடிக்க என்று பேர். வருவதென்னவோ பாட்டுக் கேட்கத்தான். பூ பூத்தது, மழை பெய்தது என்கிற பாட்டெல்லாம் அங்கே எடுபடாது. ஒருவனை ஒருவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். அதுவும் தாளம் தப்பாமல், எதுகை தவறாமல், மூச்சு விடாமல் கேட்க வேண்டும். நீங்கள் ராப் என்று சொல்கிறீர்களே, கிட்டத்தட்ட அதேதான். காட்டில் அதற்கு வசைப்பாட்டு என்று பேர். ஒருவர் பாடினால் மற்றவர் எசப்பாட்டுப் பாடியாக வேண்டும். பதில் பாடாதவர் தோற்றவர். இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால், யாருக்கும் தெரியாது. கேட்டவனைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

இந்தக் கலையில் கொடிகட்டிப் பறந்தவை இரண்டு கௌதாரிகள். ஒன்றின் பெயர் சரவெடி. அது வாயைத் திறந்தால் வார்த்தைகள் படபடவென்று வெடித்துத் தள்ளும். இன்னொன்றின் பெயர் மத்தளம். அது நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் தரையில் இறக்கி வைத்துப் பாடும். சரவெடிக்கு அம்மா வைத்த பெயர் புள்ளி. அந்தப் பெயரை யாராவது சொன்னால் அதற்குக் கெட்ட கோபம் வரும். புள்ளி என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரைத் திட்டிப் பாட முடியும், சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் இரண்டும் ஜோடி போட்டுத்தான் பாடின. அக்கரையிலிருந்து வருகிற கொக்குகளையும் ஆந்தைகளையும் பாடியே விரட்டின. ஒரே குஞ்சுக் கூட்டத்தில் வளர்ந்தவை, ஒரே புதரில் வாழ்ந்தவை. உச்சி வெயிலில் ஓய்வெடுக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவை.

இந்த உட்காரும் முறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் கதையே விளங்காது.

வெயில் ஏறினால் கௌதாரிகளுக்குக் கண் சொக்கும். சொக்குகிற நேரம் பார்த்துத்தான் பூனை வரும். அதனால் அவை காரைமுள் புதருக்குள் வட்டம் கட்டி உட்காரும். வால்கள் எல்லாம் உள்ளே, நடுவில். தலைகள் எல்லாம் வெளியே. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். முதுகைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நகமோ பல்லோ கொம்போ இல்லாத கௌதாரிகளுக்கு இருந்த ஒரே கோட்டை அந்த வட்டம்தான். அது ஒரு நாள் சரியாக அமையாவிட்டால் அன்று யாரோ ஒருவருக்கு உயிர் போய்விடும்.

புதரின் மூன்று பக்கமும் முள் பின்னிக் கிடந்தது. கிழக்கில் மட்டும் ஒரு திறப்பு. பூனை வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே அந்த வாசலில் கூட்டத்திலேயே பெரிய தொண்டைக்காரர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மத்தளம் ஒரு பக்கம், அதன் இடது கைப்பக்கம் சரவெடி. இடம் மாறியதே இல்லை. மாறாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த காரணம். பின்னால் ஊருக்கே தெரியப்போகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

சண்டை எதில் தொடங்கியது என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். குட்டைக்கரையில் யார் பாடப்போகிறார்கள் என்று அறிவிப்பது மைனாவின் வேலை. அந்த வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை, அதுவாகவே எடுத்துக்கொண்டது. ஒரு பாட்டை ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பாடும். காலையில் கேட்டதை வெயில் ஏறுவதற்குள் காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்படிப்பட்ட மைனா ஒரு சாயங்காலம், "இப்போது மத்தளமும் சரவெடியும் பாடுவார்கள்" என்று அறிவித்தது.

பாட்டு முடிந்ததும் சரவெடி மத்தளத்திடம் வந்தது. "அது என்ன, மத்தளமும் சரவெடியும்? சரவெடியும் மத்தளமும் என்று சொன்னால் மைனாவுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?"

"எந்தப் பேர் முன்னால் வந்தால் என்ன? வா, கறையான் தின்னப் போகலாம்" என்றது மத்தளம்.

சரவெடிக்கு அந்தப் பதில் சுருக்கென்று குத்தியது. தான் இவ்வளவு பெரிய விஷயம் பேசும்போது இவன் கறையானைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைத்தது. பக்கத்துக் கிளையிலிருந்த மைனா தலையை மட்டும் நீட்டி, "அண்ணே, அவர் அப்படித்தான் பேசுவார். முதல் பேர் அவர் பேர்தானே" என்றது. அவ்வளவுதான். மைனா வேறொன்றும் செய்யவில்லை. தான் வேறொன்றும் செய்யவில்லை என்றுதான் பிறகு வெகுநாள் வரை அது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாளே சரவெடி பாடியது:

குட்டைக் காலு, கட்டைக் குரலு,
கூளத்தில் புரளும் கூட்டாளி!
நான் போட்ட தாளத்தில் நடந்து வந்தவன்
நாலு பேர் முன்னே பாட்டாளி!

மரங்கொத்தி காய்ந்த மரத்தில் டொக் டொக்கென்று தாளம் கொடுத்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. இரண்டு நாள் கழித்து மத்தளம் எழுந்து நின்று, அவசரமே இல்லாமல் எசப்பாட்டுப் பாடியது:

ஓடுது ஓடுது உன் பாட்டு – சற்றே
நின்னாத் தெரியும் அதன் ஓட்டை!
ஊதிப் பார்த்தேன், உமி பறந்தது – உள்ளே
ஒரு நெல்லும் இல்லாத மூட்டை!

முயல்கள் புரண்டு புரண்டு சிரித்தன. ஆமைகூடச் சிரித்தது. ஆமைக்கே புரிந்துவிட்டது என்பதுதான் சரவெடிக்குத் தாங்கவில்லை. போகிற இடமெல்லாம் அணில் குஞ்சுகள் "மூட்டை, மூட்டை" என்று கத்தின. இரவில் படுத்தால் மூட்டை, காலையில் எழுந்தால் மூட்டை. அது உண்மையாகவே வலித்தது. அந்த வரியில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்குக் கோபம் வரும்.

அன்றைக்கு மதியம் வட்டத்தில் சரவெடி தன் பழைய இடத்துக்குப் போகவில்லை. நேர் எதிர்ப்பக்கம், மேற்கே போய் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தது.

அதன் அக்கா செம்பி கேட்டாள்: "தம்பி, ஏன் இடம் மாறிட்டே?"

"அவன் மூஞ்சியை யார் பார்ப்பது?"

"வட்டத்தில் யாரும் யார் மூஞ்சியையும் பார்ப்பதில்லையே. எல்லோரும் வெளியேதானே பார்க்கிறோம்?"

"அக்கா, கலைஞனின் மனசு உனக்குப் புரியாது."

"ஆமாம், எனக்கு முள்தான் தெரிகிறது. அந்தப் பக்கம் காவல் காக்க என்ன இருக்கிறது? முள் எழுந்து ஓடிவிடும் என்று பார்த்துக்கொள்கிறாயா?"

சரவெடி கண்ணை மூடிக்கொண்டது. தலை போகிற காரியமாக ஒரு பாட்டு கட்டிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

கிழக்கு வாசலில் மத்தளம் மட்டும் இருந்தது. அது அன்று முதல் கழுத்தை இடது பக்கம் அடிக்கடி முழுவதுமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கியது. கழுத்தில் சுளுக்கு போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சரவெடிக்குத் தெரியும், அது சுளுக்கு இல்லை.

மத்தளத்துக்கு இடது கண் தெரியாது. இரண்டும் குஞ்சாக இருந்தபோது ஒரு கீரி துரத்தியது. ஓடும்போது புள்ளிக்குக் கால் கொடியில் சிக்கிக்கொண்டது. முன்னால் ஓடிவிட்ட மத்தளம் திரும்பி வந்து, இலந்தை முள்ளுக்குள் புகுந்து, அலகால் கொடியைக் கடித்து இழுத்து விடுவித்தது. புள்ளி வெளியே வந்தது. மத்தளத்தின் இடது கண்ணுக்குள் முள் போனது. கண் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, பார்வை மட்டும் இல்லை. அன்று புள்ளி அழுதுகொண்டே, "இனிமேல் உன் இடது பக்கம் நான் இருப்பேன், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொன்னது. அதைத்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை காலமாகக் காப்பாற்றியும் வந்தது.

இப்போது கதைக்கு வருவோம். மூட்டை என்ற பேரைத் துடைத்தெறிய சரவெடி ராப்பகலாகப் பாட்டு கட்டியது. காலைத் திட்டிப் பார்த்தது, வாலைத் திட்டிப் பார்த்தது, மண்குளியலைத் திட்டிப் பார்த்தது. ஒன்றும் எடுபடவில்லை.

மைனா கொட்டாவி விட்டது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கால் குட்டை, குரல் கட்டை என்று கேட்டுக் கேட்டு ரசிகர்களுக்குப் புளித்துப்போய்விட்டது. இப்படியே போனால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு தவளைப் பாட்டுக்குப் போய்விடுவார்கள்."

"தவளையா?" என்றது சரவெடி.

"நேற்றே கொஞ்சம் பேர் போய்விட்டார்கள். அண்ணே, உங்களுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். உள்விஷயம் ஏதாவது இருக்காதா? வெளியே தெரியாதது. உண்மையானது. அதுதான் அடிக்கும்."

அப்படி ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொல்லக் கூடாது என்பதும் சரவெடிக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போது கீழே ஓர் அணில் குஞ்சு "மூட்டை" என்று கத்திவிட்டு ஓடியது.

"இருக்கிறது" என்றது சரவெடி.

மறுநாள் விடிந்ததும் பாட்டு வெளியானது. காட்டு வழக்கப்படி வசைப்பாட்டில் இரண்டு பாகம் இருக்க வேண்டும். முதலில் தன்னைப் புகழ வேண்டும், பிறகு எதிராளியை இகழ வேண்டும். சரவெடி இரண்டிலும் குறை வைக்கவில்லை. மரங்கொத்தி தாளம் போட, பாறைமேல் ஏறி நின்று பாடியது:

நான்தான் சரவெடி, நாலு திக்கும் என் அடி!
நெஞ்சைப் பாரு தேங்காய் மூடி, தொடையைப் பாரு உலக்கைத் தடி!
கறையான் தின்னு கொழுத்த உடம்பு, காட்டில் எவன் எனக்கு ஜோடி?

மத்தளத்துக்கு ஒத்தைக் கண்ணு – அதை
மறைச்சு வச்சான் இத்தனை நாளு!
இடது பக்கம் எருமை வந்தாலும்
எட்டிப் பார்க்க இல்லை ஆளு!
காரைப் புதரில் கிழக்கு வாசல்
காவல் காக்குது மூடின கண்ணு!
உச்சி வெயிலில் உரசிப் போனாலும்
ஒண்ணும் தெரியாது, போடா மண்ணு!

பார்த்தீர்களா, எவ்வளவு பொறுப்பான கவிஞன். இடம் சொல்லியாயிற்று, திசை சொல்லியாயிற்று, நேரம் சொல்லியாயிற்று, எந்தக் கண் என்றும் சொல்லியாயிற்று. அந்தக் கண்ணில் முள் யாருக்காகப் பாய்ந்தது என்ற அடி மட்டும் பாட்டில் இல்லை. அதற்கு எதுகை வரவில்லையாம்.

பாட்டு பற்றிக்கொண்டது. மைனா மரத்துக்கு மரம் பறந்து பாடியது. முயல்கள் குதித்துக்கொண்டே பாடின. அணில் குஞ்சுகள் மூட்டையை மறந்துவிட்டு "ஒத்தைக்கண்ணு, ஒத்தைக்கண்ணு" என்று கத்தின. ரசிகர்கள் இலையில் கறையான் கொண்டுவந்து சரவெடி முன்னால் குவித்தார்கள். அது தின்றது. மறுக்கக் கூடாதே, அன்பாகக் கொடுக்கிறார்கள். தின்றுகொண்டே ஒவ்வொருவராக வந்து புகழ்வதைக் கேட்டது. இத்தனை நாள் கிடைக்காத நிம்மதி அதற்கு அன்று கிடைத்தது.

வெயில் ஏறுகிற நேரத்துக்கு மைனா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தது. "அண்ணே, ஒரு சேதி. நம்பவே மாட்டீங்க. காட்டுப்பூனைகூட உங்கள் ரசிகர்."

"பூனையா?"

"ஆமாம். கறையான் புற்றுக்குப் பின்னால் படுத்திருந்தது. 'அந்தப் புதுப் பாட்டைக் கொஞ்சம் பாடேன்' என்றது. பாடினேன். திரும்பவும் கேட்டது. பிறகு, 'ரொம்ப வேகமாக இருக்கிறது, மெதுவாகப் பாடு' என்றது. மெதுவாகப் பாடினேன். 'கிழக்கு வாசல்தானே, மேற்கு இல்லையே?' என்று கேட்டது. கிழக்குதான் என்றேன். 'இப்படித்தான் விவரமாக எழுத வேண்டும்' என்று தலையை ஆட்டியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அண்ணே அதற்கு."

சரவெடியின் நெஞ்சு இன்னும் கொஞ்சம் விரிந்தது. "கேட்டாயா அக்கா? பூனையே ரசிக்கிறது."

செம்பி மண்ணைக் கிளறுவதை நிறுத்தினாள். "பூனைக்கு எதற்குடா பாட்டு?"

"கலைக்கு இனம் ஜாதியெல்லாம் கிடையாது அக்கா."

"அதன் கண்ணில் வந்த தண்ணீர் சரி. நாக்கில் வந்ததா என்று மைனாவைக் கேட்டாயா?"

"உனக்குப் பொறாமை" என்றது சரவெடி. தன்னைப் பாராட்டாத எல்லோரிடமும் அது இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

உச்சி வெயில் வந்தது. கௌதாரிகள் ஒவ்வொன்றாகப் புதருக்குள் நுழைந்தன. மத்தளம் கடைசியாக வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அதன் இடது கண்ணையே பார்த்தார்கள். பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

மத்தளம் நேராகச் சரவெடி முன்னால் வந்து நின்றது. அதற்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. களைத்துப்போன மாதிரிதான் இருந்தது.

"பாட்டு நன்றாக இருந்தது. ஓர் அடி மட்டும் விட்டுப்போயிற்று" என்றது.

"எந்த அடி?"

"உனக்குத் தெரியும்."

சரவெடிக்கு முகம் சுண்டிவிட்டது. காலால் தரையைக் கீறியது. மத்தளம் திரும்பிக் கிழக்கு வாசலுக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

செம்பி எழுந்து அதன் பக்கம் போனாள். "பாட்டில் சொன்னது நிஜமோ பொய்யோ, இன்றைக்கு உன் இடது பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நகரு."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. நீ வந்து ஒட்டி உட்கார்ந்தால் பாட்டு உண்மை என்று ஆகிவிடும். சாயங்காலம் நான் எசப்பாட்டுப் பாட வேண்டாமா?" என்றது மத்தளம்.

நிதானமானவன் என்று பேர் வாங்கியதுதான் மத்தளமும். ஆனால் அதுவும் பாட்டுக்காரன்தானே. சொல்லப்போனால் அன்று அது இன்னும் ஒரு காரியம் செய்தது. இத்தனை நாளாகக் கழுத்தை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததே, அதையும் நிறுத்திவிட்டது. திரும்பிப் பார்த்தால் தெரியாததால்தான் திரும்புகிறது என்று மேலே உட்கார்ந்திருக்கும் மைனா பாடிவிடுமே. ஆகவே கழுத்தை விறைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து சரவெடி அதைப் பார்த்தது. அந்த விறைத்த கழுத்தையும், இடது பக்கம் காலியாகக் கிடந்த தன் பழைய இடத்தையும் பார்த்தது. பூனை கிழக்கா மேற்கா என்று கேட்டதும் அப்போது நினைவுக்கு வந்தது. அதற்கு உண்மையாகவே பயமாக இருந்தது. போய் உட்கார்ந்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், பேசாமல் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தது. நினைத்து ஒரு காலைத் தூக்கியும் விட்டது.

மேலேயிருந்து மைனாவின் குரல் வந்தது. "என்ன அண்ணே, சமாதானமா? காடு முழுக்கச் சொல்லிவிடட்டுமா?"

தூக்கிய கால் அப்படியே நின்றது.

"யார் சமாதானம்? காலைச் சொறிந்துகொள்ளத் தூக்கினேன்" என்றது சரவெடி. சொன்னதற்காகக் காலைச் சொறிந்தும் காட்டியது. பிறகு மேற்கே திரும்பி, முள்ளைப் பார்த்தபடி, மத்தளத்துக்கு நன்றாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

வெயில் கொளுத்தியது. வயிறு நிறையக் கறையான். கண் சொக்கியது. சரவெடி தன் பாட்டைத் தானே முணுமுணுத்துக்கொண்டது. தொடையைப் பாரு உலக்கைத் தடி என்ற இடம் வரும்போதெல்லாம் அதற்குத் தன் மேலேயே மரியாதை வந்தது.

திடீரென்று பின்னால் மத்தளத்தின் குரல் வெடித்தது. "புள்ளி, எழுந்திரு, பற!"

கௌதாரிகள் புர்ரென்று எழும்பின. செம்பி எழும்பினாள். மத்தளமும் எழும்பியது.

சரவெடி எழும்பவில்லை. ஏன் தெரியுமா? எசப்பாட்டு தொடங்கிவிட்டது என்று அது நினைத்தது. சாயங்காலம் பாடுவதாகச் சொன்னவன் இப்போதே ஆரம்பித்துவிட்டானே, அதுவும் என் சின்ன வயதுப் பேரைச் சொல்லி அவமானப்படுத்துகிறானே என்று எரிச்சல்பட்டது. எடுப்பே சரியில்லை, எதுகையைக் காணோம், அடுத்த அடி எப்படி வருகிறது பார்ப்போம் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அடுத்த அடி அதன் முதுகில் விழுந்தது. பூனையின் அடி.

பறக்கலாம் என்று பார்த்தால் முன்னால் முள். ஓடலாம் என்று பார்த்தால் கறையான் ஏற்றிய உடம்பு. சிறகை ஒரு தரம் அடித்துவிட்டு அப்படியே பாதத்தின் அடியில் கிடந்தது.

"என்னை ஏன் பிடித்தாய்? பாட்டு அவன் மேல்தானே?" என்று கேட்டது.

பூனை மரியாதை தெரிந்தது. வாயில் எதையும் வைத்துக்கொண்டு பேசாது. ஆகவே பேச்சை முதலில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தது. "வழி அவனைப் பற்றிய பாகத்தில் இருந்தது. நீ சொன்னபடியே வந்தேன். கிழக்கு வாசல், உச்சி வெயில், அவனுடைய இடது பக்கம். ஒரு தப்பும் இல்லை. உரசிக்கொண்டுதான் வந்தேன், உரசிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது."

"அப்படியானால் அவனையே பிடித்திருக்கலாமே?"

"பிடித்திருக்கலாம். ஆனால் முதல் பாகத்தையும் கேட்டேனே. நெஞ்சு தேங்காய் மூடி, தொடை உலக்கை, கறையான் தின்று கொழுத்த உடம்பு. அதைக் கேட்டுவிட்டு எலும்பும் தோலுமாக இருக்கிறவனை யாராவது தூக்குவார்களா? உன்னைத் தேடிக்கூட அலைய வேண்டியிருக்கவில்லை. நீ சொன்ன வழி எங்கே முடிந்ததோ அங்கே நீயே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய்."

சரவெடிக்கு எல்லாம் விளங்கியது. பாட்டில் சேர்க்காமல் விட்ட அந்த அடி நினைவுக்கு வந்தது. இலந்தை முள்ளுக்குள் புகுந்து தன்னை இழுத்துவிட்ட சின்ன அலகு நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் மத்தளத்தின் இடது பக்கத்தைத் தான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்ததே, அந்த இடத்தில் உட்கார்ந்து காப்பாற்றியது தன் முதுகையும்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. அதற்கு அழுகை வந்தது.

ஆனாலும் கலைஞன் கலைஞன்தான். கடைசியாக அது கேட்டது என்ன தெரியுமா?

"உண்மையைச் சொல். பாட்டு நன்றாக இருந்ததா?"

பூனை சற்று யோசித்தது. "முதல் தரம் கேட்டபோது வேகம் அதிகம், ஒன்றும் புரியவில்லை. மைனாவை மெதுவாகப் பாடச் சொன்னேன். மெதுவாகப் பாடினால் எல்லாம் புரிந்துவிடுகிறது" என்றது.

அதற்குப் பிறகு பூனை பேசவில்லை. வாயில் எதையும் வைத்துக்கொண்டு பேசாது என்று சொன்னேனே.

வெயில் தாழ்ந்ததும் கௌதாரிகள் புதருக்குத் திரும்பின. மேற்கு முள்ளோரம் கொஞ்சம் இறகுகள் கிடந்தன. செம்பி அவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். பொறாமை என்று சொல்ல யாரும் இல்லை.

மைனா பறந்துவந்து தாழ்வான கிளையில் உட்கார்ந்தது. துக்கம் விசாரிக்கத்தான் வந்தது. விசாரித்தும் முடித்தது, ஒரே மூச்சில். பிறகு மத்தளத்தின் பக்கம் குனிந்து, "அண்ணே, குட்டைக்கரையில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. தவளைப் பாட்டை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் உங்கள் எசப்பாட்டுக்குத்தான் காத்திருக்கிறார்கள். செத்தவரைப் பற்றிப் பாடுவது இதுவரை யாரும் செய்யாதது. ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டது.

மத்தளம் மைனாவை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற கௌதாரிகளைப் பார்த்தது.

"பாட்டில் வந்தது உண்மை. எனக்கு இடது கண் தெரியாது. யாராவது வந்து இந்தப் பக்கம் உட்காருங்கள்" என்றது.

செம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, தன் தம்பி உட்கார்ந்திருந்த பழைய இடத்தில், மத்தளத்தின் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"அப்படியானால் நீங்கள் தோற்றதாக அறிவித்துவிடவா?" என்று மைனா கேட்டது.

"அறிவித்துவிடு" என்றது மத்தளம்.

நீதி: உன் முதுகைக் காப்பவனின் குறையை நீ ஊருக்குப் பாடினால், ஊர் கைதட்டிவிட்டுப் போய்விடும், அதைப் பாடம் பண்ணிக்கொண்டு வருவது பூனைதான்.